ஒரு ஜோடி கண்மலர்

அத்தியாயம் 17

வைகாசியில் நடக்க வேண்டிய ஸ்வர்ணலதாவின் கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப்போனது ஆரணியில் அந்தத் தெரு முழுக்கத் தெரியும். மாப்பிள்ளை பார்த்திபனுக்கு ஓசூரில் கம்பெனி டிரெயினிங் என்று கண்ணமங்கலத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பிறகு இரண்டு மாதம் அந்த வீட்டிலிருந்து பேச்சே இல்லை. தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். போன வாரம்தான் பார்த்திபனின் அம்மா விருத்தாம்பாள் தானாகவே வெற்றிலை பாக்கோடு வந்து, ஆவணி பத்து என்று தேதி சொல்லிவிட்டுப் போனாள். மண்டபமும் கிடைத்துவிட்டது.

வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. தேவிப்ரியாவுக்கு மட்டும் சந்தேகம் வந்தது.

தேவிப்ரியா இந்த வீட்டு மருமகள். ஸ்வர்ணலதாவின் அண்ணன் ஹேமநாத்துக்கு வாழ்க்கைப்பட்டு மூன்று வருடம் ஆகிறது. பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பட்டுப் புடவைகளுக்கு பார்டர் டிசைன் போட்டுக் கொடுக்கிறாள். ஒரு கட்டம் தப்பினால் மயிலுக்குக் கழுத்து ஒடிந்துவிடும். அதனால் எதையும் இரண்டு தடவை பார்ப்பாள். இரண்டு மாதம் வாய் திறக்காதவர்கள் ஒரே நாளில் தேதியோடு வந்து நிற்பது அவளுக்குக் கட்டம் தப்பியது போல் இருந்தது.

அதை யாரிடமும் சொல்லவில்லை. ஹேமநாத்திடம் சொல்லியிருப்பாள். அவன் புடவைகளை எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் போயிருந்தான்.

ஆடி மூன்றாம் வெள்ளி. காலை எட்டு மணிக்கு வேனில் படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பொங்கல் வைக்க இடம் பிடிப்பதற்கே அரை மணி ஆனது. விருத்தாம்பாளும் அவள் தம்பி ராஜவேலுவும் கண்ணமங்கலத்திலிருந்து காரில் நேராக அங்கே வந்தார்கள். பார்த்திபனுக்கு ராணிப்பேட்டையில் ஷிப்ட். லீவு கிடைக்கவில்லையாம்.

தேவிப்ரியாவின் மாமியார் கன்னியம்மாள் ஒரு மஞ்சள் பையை இடுப்பில் செருகி எடுத்து வந்திருந்தாள். அந்தப் பையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் நல்லது எது நடந்தாலும் கன்னியம்மாள் அந்தப் பையை சாமி மாடத்து ஆணியில் மாட்டிவிடுவாள். ஒரு வாரம் அது அங்கே தொங்கும். யாருக்கு என்ன கொடுக்கத் தோன்றுகிறதோ அதைத் தனியாகப் போய்ப் போட்டுவிட வேண்டும். கொடுக்கத் தோன்றவில்லை என்றால் சும்மா இருக்கலாம். இது வேண்டுதல் இல்லை. வேண்டுதல் என்றால் கேட்டு வாங்கியதற்குத் திருப்பித் தருவது. இது யாரும் கேட்காமல் தருவது. யார் என்ன போட்டார்கள், எதற்காகப் போட்டார்கள் என்று கேட்கக் கூடாது. போட்டவர்கள் சொல்லவும் கூடாது. சொன்னால் அது காணிக்கை இல்லை, நோட்டீஸ் என்பாள் கன்னியம்மாள்.

எப்போதும் பையை அவளே உண்டியலில் கவிழ்ப்பாள். கவிழ்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். முப்பது வருடமாக அப்படித்தான்.

இந்தத் தடவை அவளுக்கு ஒரு மரியாதை தோன்றியது. பையை விருத்தாம்பாளிடம் நீட்டினாள்.

"உங்க கையால போடுங்க சம்பந்தி. நம்ம ரெண்டு வூட்டுக்கும் நல்லதா இருக்கட்டும்."

விருத்தாம்பாள் சந்தோஷமாகத்தான் வாங்கினாள். ஆனால் அவளுக்கு முறை தெரியாது. பையின் முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்ததைத் தேங்காய்த் தட்டில் கொட்டினாள். ஒவ்வொன்றாக எடுத்துப் போடலாம் என்று நினைத்திருப்பாள்.

தட்டில் ஒரு ஜரிகை நூல் உருண்டை விழுந்தது. அது மாமனார் பச்சையப்பனுடையது என்று சொல்லாமலே தெரியும். ஒரு பழைய மெட்டி விழுந்தது. மடித்த நோட்டு ஒன்று. கடைசியாக, சின்ன சத்தத்தோடு ஒரு ஜோடி கண்மலர்.

கோயில் வாசலில் விற்கிற காகிதம் போன்ற கண் தகடு இல்லை. நல்ல வெள்ளியில், கருமணிக்கு நீல எனாமல் வைத்து, ஆசாரியிடம் சொல்லிச் செய்தது.

இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"யாருக்குக் கண்ணு?" என்றார் ராஜவேலு.

"யாரு போட்டது?" என்றாள் விருத்தாம்பாள்.

தேவிப்ரியாவின் காதில் இரண்டும் விழுந்தன. இரண்டும் ஒரே கேள்வி போலத்தான் இருந்தது. ஆனாலும் ஏதோ உறுத்தியது.

எங்கள் வழக்கத்தில் கேட்பதில்லை என்று கன்னியம்மாள் மெதுவாகச் சொன்னாள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிப்போனது. ராஜவேலு பெரிதாகச் சிரித்தார்.

"கேக்கறதில்லன்னா போவுது. ஆனா கண்மலர் போடறாங்கன்னா, வூட்ல யாருக்கோ கண்ணுல கோளாறு வந்திருக்கணுமே சம்பந்தி. சும்மாவா போடுவாங்க?"

சிரித்துக்கொண்டே அவர் ஸ்வர்ணலதாவைப் பார்த்தார். அவள் குனிந்து அடுப்பில் சுள்ளியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். புகையில் அவள் கண்கள் கலங்கியிருந்தன. வேறு நாளாக இருந்தால் அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

விருத்தாம்பாள் மற்றதையெல்லாம் உண்டியலில் போட்டாள். கண்மலரைக் கடைசியாகப் போட்டாள். போடுவதற்கு முன் யாரு போட்டது என்று இன்னும் இரண்டு தடவை கேட்டாள். தம்பியைப் போலச் சிரிக்கவில்லை.

பொங்கலைப் பேச்சில்லாமல் சாப்பிட்டார்கள். ராஜவேலு மட்டும் நெய் பத்தாது என்றார்.

வேன் ஆரணிக்குள் நுழையும்வரை வீட்டார் நால்வரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கன்னியம்மாள் முதலில் புருஷனைப் பார்த்தாள். பச்சையப்பனுக்கு அறுபது முடியப்போகிறது. நாற்பத்து மூன்று வருடம் தறியில் உட்கார்ந்தவர். மகளுடைய முகூர்த்தப் புடவையை இப்போது அவர்தான் நெய்துகொண்டிருக்கிறார்.

"இன்னாத்துக்கு என்னையே பாத்துகினு இருக்க?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல."

"என் கண்ணா? ஊசி எடுத்துகினு வா."

கன்னியம்மாள் எடுத்து வரவில்லை. அவரே போய் ரவிக்கைக்கு மணி கோக்கிற மெல்லிய ஊசியை மகளின் டப்பாவிலிருந்து எடுத்து வந்தார். வாசல் வெளிச்சத்தில் நின்று, பட்டு இழையை ஒரே தடவையில் கோத்தார். ஊசியை மனைவியின் முகத்துக்கு நேராக ஆட்டிக் காட்டினார்.

"போதுமா?"

"சரியாப் போனதுக்குத்தான கண்மலர் போடுவாங்க," என்றாள் கன்னியம்மாள். "கோத்துட்டா மட்டும் இன்னா?"

பச்சையப்பன் ஊசியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தறிக் கூடத்துக்குப் போய்விட்டார். தறிச் சத்தம் கேட்கவில்லை.

தேவிப்ரியாவுக்கு அது சரியென்றே பட்டது. இது வினோதமான சோதனை. தேறாதவன் மேலும் சந்தேகம், தேறியவன் மேலும் சந்தேகம். கண் நன்றாக இருக்கிறது என்று யாரும் இனி இந்த வீட்டில் நிரூபிக்க முடியாது. ஸ்வர்ணலதாவாலும் முடியாது.

ஒரு மணிக்கு ராஜவேலுவிடமிருந்து போன் வந்தது. நாலு மணிக்கு அக்காவோடு வருகிறாராம். கொஞ்சம் பேச வேண்டுமாம். போனை வைத்த பிறகும் கன்னியம்மாள் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு தடவை தள்ளிப்போன கல்யாணம் இன்னொரு தடவை நின்றால் தெருவில் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அடுத்து வருகிறவர்கள் முதல் கேள்வியாகக் கேட்பது என்ன என்றும் தெரியும்.

சமையலறைக்குள் வந்து கதவை ஒருக்களித்தாள்.

"தேவி. அவங்க வந்தாங்கன்னா, நீதான் போட்டன்னு சொல்லிடு."

தேவிப்ரியா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

கன்னியம்மாள் ஜல்தியாக, தாழ்ந்த குரலில் காரணங்களை அடுக்கினாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை கம்ப்யூட்டரைப் பார்க்கிறாய், கண் வலித்தது, டாக்டரிடம் போனாய், சரியாகிவிட்டது, அவ்வளவுதான். யாரும் நம்புவார்கள். உனக்குக் கல்யாணமாகிவிட்டது, உன்னை இனிமேல் யாரும் பெண் பார்க்க வரப்போவதில்லை. ஹேமநாத்திடம் நானே பேசிக்கொள்கிறேன்.

"போட்டவங்க இருக்காங்களே அத்த. அவங்க சாமிக்கு நன்றின்னு போட்டத நான் எனுதுன்னு எப்படி சொல்றது?"

"சாமிக்குத் தெரியும் இல்ல, யாரு போட்டதுன்னு? மனுஷங்களுக்குத்தான சொல்றோம்."

தேவிப்ரியாவுக்குப் பொய் சொல்வது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. ஸ்வர்ணலதாவுக்காகச் சொல்லிவிடலாம். ஆனால் யாருடைய பொய்யைச் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்ல மனம் ஒப்பவில்லை.

"நீங்க ஸ்வர்ணாவக் கேட்டீங்களா?"

கன்னியம்மாள் கழுவி வைத்திருந்த சொம்பை எடுத்து மறுபடி கழுவினாள்.

"கேக்கக் கூடாது," என்றாள்.

அப்போதுதான் தேவிப்ரியாவுக்குப் புரிந்தது. மாமியார் வழக்கத்துக்குப் பயந்து கேட்காமல் இல்லை. பதிலுக்குப் பயந்து கேட்காமல் இருக்கிறாள்.

ஸ்வர்ணலதா மாடி அறையில் இருந்தாள். ஆரி வேலை செய்கிற சட்டத்தில் யாருடைய கல்யாண ரவிக்கையோ இறுக்கிக் கட்டியிருந்தது. ஊசி முனையில் கடுகைவிடச் சின்ன மணியை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் பாதிதான் திறந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் தேவிப்ரியாவுக்கு மணியே தெரியவில்லை.

இவள் கண்ணுக்கு ஒன்றுமில்லை. எப்போதும் இருந்ததும் இல்லை. இந்த இரண்டு மாதத்தில் ஒரு நாள்கூட ஊசியைக் கீழே வைக்கவில்லை.

தேவிப்ரியா கட்டிலில் உட்கார்ந்தாள். காலையில் உறுத்தியது இப்போது தானாக நேரானது. ராஜவேலு யாருக்குக் கண் என்று கேட்டார். யாருக்கும் அதுதான் கேட்கத் தோன்றும். விருத்தாம்பாள் மூன்று தடவையும் யார் போட்டது என்றுதான் கேட்டாள். யாருடைய கண் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தால் மட்டுமே அப்படிக் கேட்க முடியும்.

இன்னொன்றும் இருந்தது. வைகாசியில் மூன்று வாரம், தினமும் சாயங்காலம், இந்த அறைக் கதவுக்குப் பின்னால் ஸ்வர்ணலதா சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். பேப்பர் செய்தி, கிரிக்கெட், வானிலை, எல்லாம். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள் என்று தேவிப்ரியா நினைத்தாள். கிரிக்கெட் ஸ்கோரையெல்லாம் எந்தத் தேர்வில் கேட்கிறார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை.

"ஸ்வர்ணா. ஓசூர்ல டிரெயினிங்னு ஒண்ணும் இல்ல. இல்ல?"

ஊசி நின்றது.

"வெளியில யாராவது இருக்காங்களா அண்ணி?"

தேவிப்ரியா எழுந்து கதவைச் சாத்தினாள்.

பார்த்திபனுக்கு வலது கண்ணில் கறுப்பாகத் திரை இறங்குவதுபோல் ஆனது வைகாசி பிறந்த நாலாம் நாள். உள்ளே பின்பக்கத் திரை, சுவரில் சுண்ணாம்பு உரிவது மாதிரி உரிந்துவிட்டதாம். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஆபரேஷன். பதினாலு நாள் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். போன், டிவி, பேப்பர் எதையும் பார்க்கக் கூடாது. விருத்தாம்பாள் தன் தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. பெண் வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். அவன் அம்மாவுக்குத் தலையாட்டிவிட்டு, அன்றைக்கு ராத்திரியே ஸ்வர்ணலதாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். வேண்டாம் என்றால் சொல்லிவிடு, நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன் என்றானாம்.

"நீ இன்னா சொன்ன?"

"பேப்பர் படிக்கட்டுமான்னு கேட்டேன்."

தேவிப்ரியா அவளைப் பார்த்தாள். இத்தனை நாள் ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, இதை இவள் எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை.

"வேண்டிகினு போட்டதில்ல அண்ணி அது. நான் ஒண்ணும் வேண்டிக்கல. பயமா இருந்தா வேண்டிக்கக்கூட வரமாட்டேங்குது. பதினேழாம் நாள் காலையில போன் வந்துச்சு. நான் பாத்திரம் தேய்ச்சுகினு இருந்தேன். செவுத்துல காலண்டர் தெரியுது ஸ்வர்ணா, தேதி படிக்க முடியுதுன்னாரு. கையெல்லாம் சோப்பு. அப்படியே உக்காந்துட்டேன். யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. யார்கிட்ட சொல்றது? அதான் அம்மன்கிட்ட சொன்னேன்."

கண்மலரை அவள் ரவிக்கை தைத்துச் சேர்த்த பணத்தில் செய்யச் சொல்லியிருந்தாள். மணி டப்பாவிலேயே ஒரு மாதம் கிடந்ததாம்.

"மாமியாரே பையை அவுப்பாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்? எங்க அம்மா மரியாதைக்குன்னு பண்ணாலே பேஜார்தான்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. உடனே நின்றது.

அம்மாவிடம் மட்டுமாவது சொல்லிவிடலாம் என்றாள் தேவிப்ரியா. ஸ்வர்ணலதா முடியாது என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் பார்த்திபனே இங்கே வந்து அப்பா அம்மாவிடம் சொல்வதாக இருக்கிறான். அதற்கு முன் இவள் வாயால் போகக் கூடாது.

"சொல்லுவாரா?"

"சொல்லுவாரு."

"ஆவணி பத்துக்கு இன்னும் மூணு வாரங்கூட இல்ல, ஸ்வர்ணா."

ஸ்வர்ணலதா அடுத்த மணியை ஊசி முனையில் எடுத்தாள். இவ்வளவு நம்புகிறாளே என்று தேவிப்ரியாவுக்கு ஒரு பக்கம் பொறாமையாகக்கூட இருந்தது. இன்னொரு பக்கம் சந்தேகம் போகவில்லை. ஒன்றை இவ்வளவு திறமையாக மறைத்தவர்கள் அந்த ஒன்றை மட்டும்தான் மறைத்தார்களா?

கீழே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

ராஜவேலு காப்பியைத் தொடவில்லை. விருத்தாம்பாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பச்சையப்பன் எதிரே உட்கார்ந்தார். கன்னியம்மாள் சமையலறை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ராஜவேலு சுற்றி வளைத்துத்தான் பேசினார். தனக்கு ஒன்றும் சந்தேகம் இல்லை. நாலு பேர் நாளைக்குப் பேசக் கூடாது. கோயிலில் அக்கம்பக்கத்துப் பொங்கல் வைத்தவர்களும் பார்த்துவிட்டார்கள். அதனால் செவ்வாய்க்கிழமை பெண்ணை வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு தடவை கண் பரிசோதனை செய்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

பச்சையப்பன் நாற்காலிக் கையைப் பிடித்தார்.

"போளூர் சந்தையில மாடு புடிக்க வந்தீங்களா? பல்லையும் பாத்துடறதுதான?"

"கோவப்படாதீங்க சம்பந்தி. ஒண்ணும் இல்லன்னா பாக்கறதுல இன்னா?"

கன்னியம்மாள் தேவிப்ரியாவைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை.

தேவிப்ரியா விருத்தாம்பாளைப் பார்த்தாள். தம்பி பரிசோதனை என்று சொன்னதிலிருந்து அவள் தலை நிமிரவே இல்லை. இந்த யோசனை அவளுடையது இல்லை. தடுக்கவும் அவளால் முடியவில்லை. தடுத்தால் ஏன் என்று தம்பி கேட்பார்.

ஒரு பொய் சொன்னால் இவர்கள் எழுந்து போய்விடுவார்கள். தேவிப்ரியா தொண்டையைச் செருமினாள்.

"அந்தக் கண்மலர் வந்து..."

"அண்ணி, இருங்க."

ஸ்வர்ணலதா மாடிப்படியில் நின்றாள். கடைசிப் படி இறங்கி வந்து அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவள் பெரியவர்கள் பேசுகிற இடத்தில் வாய் திறந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"செவ்வாய்க்கிழமை வரேங்க மாமா. எந்த ஆஸ்பத்திரின்னாலும் சரி. அவரும் வரட்டும். ரெண்டு பேருக்கும் சேத்தே பாத்துடலாம்."

ராஜவேலு ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டார்.

"கரெக்ட். அதுதான் நியாயம். பொண்ணுக்கு மட்டும் பாத்தா நாளைக்கு உங்க பக்கம் பேசுவாங்க. நானே வண்டி எடுத்துகினு வரேன்."

"அவனுக்கு எதுக்கு?" என்றாள் விருத்தாம்பாள். அவள் குரல் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. "கம்பெனியிலயே வருஷா வருஷம் பாக்கறாங்களே. லீவும் குடுக்க மாட்டாங்க."

"எனக்கு எதுக்கோ, அதுக்குத்தாங்க அத்த," என்றாள் ஸ்வர்ணலதா.

மரியாதையாகத்தான் சொன்னாள். பொய்யும் சொல்லவில்லை, பார்த்திபனைக் காட்டியும் கொடுக்கவில்லை. தேவிப்ரியா மனதுக்குள் அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கேயும் ஒரு கட்டம்கூடத் தப்பவில்லை.

கன்னியம்மாளின் பார்வை மகளிடமிருந்து மெல்ல விலகி விருத்தாம்பாளிடம் போனது. அங்கேயே நின்றது. ராஜவேலு ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார்.

கிளம்பும்போது தெருவில் வண்டியைத் திருப்ப இடம் இல்லை. ராஜவேலு காரைப் பின்னால் எடுக்க, பச்சையப்பன் கோபத்தை மறக்காமலே கையை ஆட்டி வழி காட்டினார். விருத்தாம்பாள் வாசல்படியில் செருப்பை மாட்டுவதுபோல் குனிந்தாள். நிமிரும்போது தேவிப்ரியாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"அவளுக்குத் தெரியும், இல்ல?"

இதில் மறைக்க ஒன்றுமில்லை. தேவிப்ரியா தலையாட்டினாள்.

"இன்னா தெரியும்?"

"எல்லாம் தெரியுங்க. அவரே சொல்லிட்டாரு."

விருத்தாம்பாள் இல்லை என்று தலையசைத்தாள். "எல்லாம் தெரியாது. அவனுக்கே தெரியாது."

கார் ஒரு தடவை முன்னால் வந்து நின்றது.

"ஆபரேஷன் பண்ணது வலது கண்ணு. இடது கண்ணுலயும் அதே மாதிரி ஆரம்பிச்சிருக்குது. கடைசியா போனப்ப பாத்துட்டு, ஒரு மாசத்துல வாங்க, லேசர் வைக்கணும்னாங்க. அவன் மருந்து ஊத்திகினு கண்ண மூடி வெளியில உக்காந்திருந்தான். ரிப்போர்ட்ட என் கையில குடுத்தாங்க. கல்யாணத்துக்கு அப்புறம்தான் அடுத்த செக்கப்புன்னு அவன்கிட்ட சொல்லிட்டேன். ரிப்போர்ட்டு பீரோவுல இருக்குது. அதான் ஓடி வந்து தேதி வச்சேன்."

தேவிப்ரியா வீட்டுக்குள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"காலையில தட்டுல ஜோடியா வுழுந்துச்சு பாரு. ரெண்டு கண்ணுக்கும் நன்றி சொல்லிட்டாளே அந்தப் பொண்ணு. எவ போட்டாளோ அவ கண்ணையே பாக்க முடியலம்மா என்னால."

"அந்த ஒரு மாசம் எப்போங்க முடியுது?"

விருத்தாம்பாள் தெருவைப் பார்த்தாள்.

"முடிஞ்சு பன்னெண்டு நாளாச்சு."

ஹாரன் அடித்தது. விருத்தாம்பாள் பிடியை விட்டாள். செவ்வாய்க்கிழமைக்குள் தானே ஏதாவது செய்து சமாளிப்பதாகவும், அதுவரை யாரிடமும் மூச்சு விட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள். நீயும் ஒரு வீட்டுக்கு வாழ வந்தவள், உனக்குப் புரியும் என்றாள். தேவிப்ரியா சரி என்று சொல்லவில்லை. சொன்னதாக எடுத்துக்கொண்டு விருத்தாம்பாள் காரில் ஏறினாள்.

செவ்வாய்க்கு இன்னும் நாலு நாள். பன்னிரண்டோடு நாலு என்று அவள் மனம் தானாகக் கூட்டியது. உரிய ஆரம்பித்த திரை தேதி பார்த்து உரியாது.

உள்ளே வந்தாள். கன்னியம்மாள் ஏதோ கேட்க வாயெடுத்தாள், தேவிப்ரியா நிற்கவில்லை. மாடிப்படி ஏறினாள்.

ஸ்வர்ணலதா ஜன்னலோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். ராஜவேலு தொடையில் தட்டிக்கொண்டதை அதே மாதிரி தட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள், எதிர்முனையில் இருப்பவனுக்கு அது தெரியாது என்பதை மறந்து. அண்ணியைப் பார்த்ததும், அவருதான் என்று வாயசைத்தாள்.

தேவிப்ரியா கையை நீட்டினாள்.

"போன என்கிட்ட குடு ஸ்வர்ணா."

ஸ்வர்ணலதா சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.